இரவல்

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்
மினாசே ஏரிக்கு நான் வருவது
கும்பிட அல்ல.
நீர்த்தர ஆய்வுப் பிரிவு, மாவட்ட அலுவலகம்.
கழுத்தில் அட்டை,
காரின் பின்னால் பதினாறு கண்ணாடிக் குப்பிகள்.

மாதிரி எடுக்கும் இடம் எண் மூன்று
கோயிலின் படித்துறை.
அதனால் தோரியைக் கடந்தாக வேண்டும்:
சாயம் போன சிவப்பு மரவாசல்,
ஒரு கால் கரையில், ஒரு கால் தண்ணீரில்.
அதன் கீழ் நான் குனிவது
மரியாதையா, தலை இடிக்கும் என்கிற பயமா,
ஆறு வருடமாகியும் பிடிபடவில்லை.

பூசாரி கிடையாது.
பக்கத்து ஊர்க்காரர் வருடத்துக்கு மூன்று தடவை வருவார்.
மற்ற நாட்களில்
காசுப்பெட்டி, மணிக்கயிறு,
வைக்கோல் புரியில் மின்னல் மடிப்பாய் வெள்ளைக் காகிதம்,
சாமிக்கென்று யாரோ வைத்துப்போன
திறக்காத டப்பா காப்பி.
வாத்துகள்கூட இங்கே மெதுவாகத்தான் இறங்குகின்றன.

கதை பலகையில் இருக்கிறது,
பாதி எழுத்து பாசிக்குள்.
அந்தக் காலத்தில் ஏரி பாத்திரம் இரவல் கொடுக்குமாம்.
கல்யாணமோ கருமாதியோ,
முந்தின நாள் மாலை படியில் நின்று
எத்தனை இலை என்று கேட்பதுபோல
எத்தனை கிண்ணம் என்று சொன்னால் போதும்.
விடியும்போது அத்தனையும் மிதந்து வரும்,
கறுப்பு அரக்குப் பூசியவை,
உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல்.
ஒரு வீடு ஒன்றை வைத்துக்கொண்டது.
அதோடு சரி.

எந்த வீடு என்று பலகை சொல்லவில்லை.
ஊர் சொல்லும்.
அதனால்தான் ஏழு தலைமுறை கழித்தும்
பெட்ரோல் பங்க் ஹிராகுரி
சில்லறையை இரண்டு தரம் எண்ணித் தருகிறார்,
மூன்றாம் தரம் நம்மை எண்ணச் சொல்கிறார்.

தெளிவை அளக்க
என்னிடம் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது.
நடுவில் கயிறு, கயிற்றில் அளவுக்குறிகள்.
இறக்கிக்கொண்டே போக வேண்டும்,
கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அந்த மாதத்து ஏரி.
ஆறு மீட்டர் நாற்பது.
ஐந்து எண்பது.
புயலுக்குப் பின் ஒருமுறை
வெறும் இரண்டு.

அக்டோபரில் முடிச்சு அவிழ்ந்தது.
தட்டு போயிற்று,
சாய்ந்து சாய்ந்து, அவசரமே இல்லாமல்,
மறைய வேண்டிய ஆழம் கடந்தும் தெரிந்துகொண்டு.
குளிரில் விறைத்த கையில் வெறுங்கயிறு.

திரும்பும் வழியில் பெட்ரோல் போடும்போது
ஹிராகுரியிடம் புலம்பினேன்.
அவர் சிரிக்கவில்லை.
வட்டமா? என்றார்.
வட்டம்.
திரும்பி வரவில்லையே?
இரும்பு எப்படி வரும், என்றேன்.
குழாயை மாட்டினார். விளக்குப் பலகையை அணைத்தார்.
பகல் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டி
கையில் ஒரு சாக்கே புட்டியோடு
சட்டை மாற்றாமல் கோயிலுக்கு நடந்தார்.
நானும் பின்னால், மீதிச் சில்லறைக்காக.

இரண்டு முறை குனிந்தார்.
இரண்டு முறை கைதட்டினார்.
பிறகு தண்ணீரைப் பார்த்து,
மளிகைக் கடைக்காரரிடம் பேசுகிற குரலில்,
"நேராகிவிட்டது" என்றார்.

அது மாவட்டத்தின் தட்டு ஐயா,
உங்களுடையது அல்ல,
வரிசை எண்கூட உண்டு.
சொல்ல வாய் வந்தது.
அவர் கடைசிச் சொட்டுவரை
ஏரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

பொருள் இழப்புப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டம் விரல் அகலம்தான்.
மூன்று நாள் காலியாக வைத்திருந்தேன்.
நாலாம் நாள் 'முடிச்சு' என்று எழுதி
முத்திரை குத்தினேன்.

நவம்பர். புதுத் தட்டு, மூன்று முடிச்சு.
படித்துறைக் கல்லில், கூழாங்கல்லின் அடியில்
பென்சிலில் ஒரு சீட்டு:
'இருபத்து நான்கு கிண்ணம். மகள் சனேயின் கல்யாணம்.
ஞாயிற்றுக்கிழமை.
திருப்பித் தருவோம்.'
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு,
காகிதம் கிழிகிற அழுத்தத்தில்.

தட்டை இறக்கினேன்.
ஏழு மீட்டர் பத்து.
இந்த வருடத்தின் ஆகத் தெளிவான நீர்.
மறைந்த பிறகும் கொஞ்சநேரம்
கயிற்றை இழுக்கவில்லை.

ஞாயிறு எனக்கு விடுமுறை.
விடிவதற்குள் இங்கே இருக்க வேண்டுமென்றால்
மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும்.